கல்கத்தாவில் ஒரு பழைய ஜாகுவார்: வாங்கலாமா, வேண்டாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார் பைத்தியம் கிடையாது. பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது கல்கத்தாவில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் 46 வயது ஆசாமி. (ஊர் பெயரை 2001-லேயே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.) வீட்டில் ஒரு சின்ன மாருதி இருக்கிறது. லேக் மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கி வர அது போதும்.

அப்படிப்பட்டவனுக்குப் போன டிசம்பரில் சனி பிடித்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன, மகன் கனடாவில். நான் அவரைத் தாதா என்றுதான் கூப்பிடுவேன். (பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். நம்ம ஊர் சினிமா தாதா இல்லை. இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று :-)) அவர் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்.

ஜாகுவார் எக்ஸ்.கே.ஆர்., 2011 மாடல், கன்வெர்ட்டிபிள். அதாவது மேல்கூரை துணி. ஒரு பட்டனை அழுத்தினால் இருபது வினாடிக்குள் மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கரும்பச்சை நிறம், உள்ளே பழுப்புத் தோல் இருக்கை. ஐந்து லிட்டர் வி8 என்ஜின், 500 குதிரை சக்திக்கு மேல். ஓடியிருப்பது வெறும் 31,000 கிலோமீட்டர். அன்றைக்கு இறக்குமதி வரியெல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல் ஆனதாம். "நீ எடுத்துக்கொள், பதினெட்டு லட்சம் கொடு. புரோக்கரிடம் கொடுக்க எனக்கு மனசில்லை" என்றார்.

அன்றைக்கு ரெட் ரோடு வரை ஒரு சுற்று. மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. கூரையைத் திறந்துவிட்டு அவர் ஓட்ட, நான் பக்கத்தில். டிராம் தண்டவாளம் இருந்த இடம், விக்டோரியா, ஆட்டு மந்தை, கால்பந்து ஆடும் பையன்கள் எல்லாமே வேறு ஊர் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து நேராகக் கால்குலேட்டரை எடுத்தேன். வங்கிக்காரன் புத்தி!

மூன்று வாரம் அதே வேலை. அதில் நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். வெளியூர், வெளிநாடு என்று இருக்கும் நம்மவர்கள் யாருக்காவது இதே ஆசை வந்தால் உதவும். எனக்குத் தெரிந்தே இரண்டு பேருக்கு வந்திருக்கிறது.

முதல் விஷயம். ஒரு கோடி ரூபாய்க் கார் பதினெட்டு லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால், கிடைப்பது பதினெட்டு லட்ச ரூபாய்க் கார் இல்லை. பதினைந்து வயதான ஒரு கோடி ரூபாய்க் கார். விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் டயர், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன், ஹெட்லைட் எதற்கும் விலை இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. ஆகவே பராமரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று பார்க்க, பதினெட்டு லட்சத்தை மறந்துவிட்டு அந்த ஒரு கோடியைப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் ஒரே வருடத்தில் "அவசர விற்பனை" என்று விளம்பரம் கொடுக்கிறார்கள்.

தாதாவின் அனுமதியோடு மல்லிக் பஜாரிலிருந்து ஒரு வயதான மிஸ்திரியைக் கூட்டி வந்தேன். மல்லிக் பஜார் என்றால் நம் சென்னை புதுப்பேட்டை மாதிரி, பழைய கார் பாகங்களுக்குப் பேர்போன இடம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த வண்டிக்கு வியாதி வந்தால் என் கைக்குத் தெரியாது சார், கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்" என்றார். அம்பாசடர் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவாராம்.

அந்த அம்பாசடரும் பிரிட்டிஷ் வம்சம்தான். மாரிஸ் ஆக்ஸ்போர்ட் மூன்றாம் சீரிஸின் வாரிசு. இங்கே கங்கைக் கரையில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியிலிருந்து 2014 மே மாதம் வரை செய்தார்கள். ஐம்பது வருடத்துக்கும் மேல் ஒரே வண்டி ஓடியதால் அதன் பாகமும் தெருவுக்குத் தெரு கிடைத்தது, அதைத் தெரிந்த கையும் தெருவுக்குத் தெரு இருந்தது. ஜாகுவாருக்கு இங்கே அது இல்லை. இத்தனைக்கும் 2008-ல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து வாங்கியது நம்ம டாடாதான். முதலாளி பம்பாய்க்காரர் ஆகிவிட்டார் என்பதற்காக, பர்மிங்காம் பக்கம் காஸில் பிராம்விச்சில் செய்த வண்டிக்கு மல்லிக் பஜாரில் பாகம் கிடைத்துவிடாது. இந்த எக்ஸ்.கே. வரிசையே 2014-ல் நின்றுவிட்டது.

உடம்பு முழுக்க அலுமினியம். பசை போட்டு ஒட்டி ரிவெட் அடித்தது. ஆட்டோக்காரன் உரசிவிட்டுப் போனால் தெருமுனையில் தட்டி நிமிர்த்த முடியாது. இந்த வி8 என்ஜின்களில் கூலன்ட் போகும் சில குழாய்கள் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடுபட்டு நொறுங்கும் குணம் அவற்றுக்கு உண்டு என்று உலகம் முழுக்க வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் ஒன்று சூப்பர்சார்ஜருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. குழாய் மலிவு. அதை மாற்றுவதற்காக மேலே இருப்பதையெல்லாம் கழற்றி மாட்டும் கூலிதான் மலை. போதாக்குறைக்கு 2025-லிருந்து நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2011-ல் செய்த வண்டியின் ரப்பர் குழாய்கள் இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

இரண்டாவது விஷயம் கல்கத்தாவின் மழை. 2025 செப்டம்பர் 23-ஐ இங்கே இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் 251.4 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பகுதி விடியலுக்கு முன் சில மணி நேரத்தில். தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஆட்கள் இறந்தார்கள். எங்கள் தெருவில் மாருதியின் சீட் வரை தண்ணீர். இந்த ஜாகுவாரின் அடிவயிறு தரையிலிருந்து ஒரு ஜாண்கூட உயரம் கிடையாது. 2020 மே மாதம் ஆம்பன் புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன, கார்கள் மேலும் விழுந்தன. தகரக் கூரைக்கே அந்தக் கதி என்றால் துணிக் கூரைக்கு?

"இன்சூரன்ஸ் இருக்கே" என்பீர்கள். இதைத் தினம் பார்ப்பவன் சொல்கிறேன், கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அதன் மதிப்பைக் கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்வதுதான். பத்து வருடம் தாண்டினால், மாற்றும் உலோகப் பாகத்தின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக் என்றால் எந்த வயதிலும் பாதிதான். தேய்மானம் கழிக்காத பாலிசி இவ்வளவு வயதான வண்டிக்குப் பொதுவாகக் கிடைக்காது. தேங்கிய தண்ணீரில் வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசி காலை வாரும். அதற்குத் தனியாக ஒரு சேர்க்கை உண்டு, அதையும் கிழட்டு வண்டிக்குக் கொடுக்கத் தயங்குவார்கள்.

மூன்றாவது, சட்டம். தனியார் காரின் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணத்தை ஏற்றினார்கள். சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000. இருபது வருடம் தாண்டிய இறக்குமதி காருக்கு 2025 ஆகஸ்டில் 80,000 ஆக்கினார்கள். தாதா ஏன் இப்போது விற்கிறார் என்று இப்போது புரிகிறதா? 2011 வண்டிக்கு இந்த வருடம் 15 முடிகிறது. அவரைத் தப்பு சொல்லவில்லை, அவரே தேதியோடு சொன்னார்.

"வின்டேஜ் ஆயிட்டா மதிப்பு ஏறும் சார்" என்று ஆபீஸில் ஒரு தம்பி உசுப்பேற்றினார். 2021 ஜூலையில் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. வின்டேஜ் என்றால் 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அப்போதும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். இந்த வண்டி வின்டேஜ் ஆவது 2061-ல். எனக்கு அப்போது வயது 81. இங்கே 1968-லிருந்து ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை நடத்தும் பழைய கார் ராலிக்குப் போயிருக்கிறேன். அதில் வரும் குடும்பங்களுக்குக் கொட்டகை இருக்கிறது, தலைமுறையாக மெக்கானிக் இருக்கிறார், மாற்றல் ஆர்டர் கிடையாது.

மாற்றல் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். வேறு மாநிலத்துக்குப் போனால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓடினால் மறுபதிவு செய்ய வேண்டும், அந்த மாநில ரோடு டாக்ஸ் கட்ட வேண்டும். அடுத்த ஆர்டரில் எந்த ஊர் என்று எனக்கே தெரியாது.

லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கும் என் சித்தி மகன் போனில் சிரித்தான். "இங்கே இதே வண்டியை ஒரு புது சின்னக் கார் விலைக்குக் கீழே வாங்கலாம்டா அண்ணா" என்றான். உண்மைதான். ஆனால் அங்கே இந்த வண்டிகளை மட்டுமே பார்க்கும் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்கள் உண்டு, உடைத்த வண்டியிலிருந்து பாகம் எடுத்து விற்கும் யார்டுகள் உண்டு. வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனை நடப்பதால் வண்டியின் ஜாதகம் எழுத்தில் இருக்கும். அங்கே இருக்கும் நம்மவர்கள் யோசிக்கும் கணக்கு வேறு, இங்கே வேறு. "அங்கேயே வாங்கி அனுப்பு" என்றும் கேட்க முடியாது. மூன்று வருடத்துக்கு மேல் பழசான காரை இந்தியாவுக்குள் சாதாரணமாக இறக்குமதி செய்ய விடமாட்டார்கள்.

சரி, கணக்கு. வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்து நான் போட்டது இது. பதினெட்டு லட்சத்துக்கு டெபாசிட் வட்டி இழப்பு 6.5 சதவீதத்தில் 1,17,000. இன்சூரன்ஸ் 40,000. பெட்ரோல், லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று 42,000. டயருக்கு ஒதுக்குவது 40,000. சர்வீஸ் 60,000. மூடிய ஷெட் வாடகை 60,000. பெரிய ரிப்பேருக்கு ஒதுக்கு நிதி 2,00,000. மொத்தம் 5,59,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 280 ரூபாய் வருகிறது.

கூரையைத் திறந்து ஓட்டக்கூடிய நாட்களையும் எண்ணினேன். ஏப்ரல், மே வெயில் மண்டையைப் பிளக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பூஜை சமயத்தில் கூட்டம். மிச்சம் குளிர்காலம், அதிலும் காலை நேரம். தாராளமாகப் போட்டாலும் 40 காலைகள். ஒரு காலைக்கு 14,000 ரூபாய் ஆகிறது. இதில் வண்டியின் விலை இறங்குவதைச் சேர்க்கவே இல்லை.

கடனாக வாங்கினால்? இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிகள் கார் லோன் பொதுவாகக் கொடுக்காது. பர்சனல் லோன்தான். 11 சதவீதத்தில் ஐந்து வருடம் என்றால் மாதம் 39,136 ரூபாய், வட்டி மட்டும் சுமார் ஐந்தரை லட்சம். என் முன்னால் ஒரு வாடிக்கையாளர் இதற்காக வந்து உட்கார்ந்தால், "சார், வீட்டில் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டிருப்பேன்.

இந்த இடத்தில்தான் எனக்கே உறைத்தது. நான் வீட்டில் சொல்லவில்லை. மூன்று வாரமாக ஆபீஸ் நோட்டில் கணக்கு.

இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1989-ல் கும்பகோணத்தில் என் அப்பாவும் ஒரு பழைய கார் வாங்கினார். வெள்ளைக்காரன் டிசைனில் நம் நாட்டில் செய்தது. பெயர் வேண்டாம், வண்டி மேல் தப்பில்லை, இருபது வயது ஆனதுதான் தப்பு. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா அவர். பதினாலாயிரத்துக்கு வாங்கி, ஒரு சாயங்காலம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். சுவாமிமலைக்கு மூன்று தடவை போனோம். அப்புறம் கியர் பாக்ஸ். பாகம் தேடித் திருச்சி, புதுப்பேட்டை என்று அலைந்தார். அம்மாவின் இரண்டு வளையல் போயிற்று. 1993-ல் எடைக்குப் போட்டார்கள். பணத்தை விட எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அப்பா முகத்தைப் பார்ப்போம்.

அன்றிரவே அம்மாவுக்குப் போன் போட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சுவாமிமலைக்குப் போனது நன்னாத்தாண்டா இருந்தது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வளையல் போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. என்கிட்ட கேட்டுட்டு வாங்கியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன். கேக்கலையேடா" என்றாள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. முப்பத்தேழு வருடத்தில் அம்மா இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். தங்கமணி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "ஏங்க, பெரிய ரிப்பேருக்கு ரெண்டு லட்சம்னு போட்டிருக்கீங்க. அது முதல் வருஷமே வந்து, நாலு லட்சமா இருந்தா எங்கேருந்து எடுப்பீங்க?" என்றாள். ப்ளஸ் டூ படிக்கும் மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கக்கூடிய இடம் ஒன்றுதான், அவள் காலேஜுக்குப் போட்டு வைத்திருக்கும் டெபாசிட். அது மூன்று பேருக்கும் தெரியும்.

தாதாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருக்கிறது, வா என்றார்.

பழைய சொகுசுக் காரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போனாலும் வீடு ஆடாத பணமாக இருக்க வேண்டும். வண்டி விலையில் பாதியாவது ரிப்பேருக்கென்று தனியாக இருக்க வேண்டும். தினசரிக்கு வேறு வண்டி, மழைத் தண்ணீர் ஏறாத ஷெட், அதே ஊரில் பத்து வருடம் இருப்போம் என்ற நிச்சயம், அந்த வண்டி தெரிந்த ஒரு கை. இத்தனையும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், எனக்கும் ஒரு ரவுண்டு கொடுங்கள். எனக்கு இதில் மாருதி ஒன்றுதான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கை மேஜையில் வையுங்கள். வெளியூரில் இருக்கும் நமக்கு அவசரத்துக்குக் கைமாற்றாகக் கேட்க மாமாவோ சித்தப்பாவோ பக்கத்துத் தெருவில் கிடையாது. வண்டி நின்றுபோனால் அந்தச் செலவு வீட்டில் உள்ள எல்லோர் தலையிலும்தான் விழும். அவர்களைக் கேட்காமல் நாம் மட்டும் முடிவு செய்வது சரியில்லை என்பது என் கட்சி.

உங்களில் யாராவது இந்த மாதிரி வண்டி வாங்கிச் சமாளித்திருந்தால் சொல்லுங்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. தங்கமணிக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அவளும்தான் படிக்கிறாள் :-)